அப்பா தேர்ந்தெடுத்த பதில்கள்

அப்பா,

இன்று காலை கம்பெனியில் கொடுத்த புது கேம் கன்ட்ரோலர் மக்கர் பண்ணியது. அலமாரியைத் துழாவிப் பழையதை எடுத்தேன். கையில் எடுத்ததுமே தைல வாசம். இடது பக்கப் பொத்தான்களின் இடுக்கில் இன்னும் இருக்கிறது. அம்மா உங்கள் வலது கையில் தைலம் தேய்த்துவிட்டுப் போனதும், நீங்கள் இடது கையால் அதைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருப்பீர்களே, அந்தக் கை பட்ட வாசம். துடைக்கத் துணி எடுத்தவள், துணியை அப்படியே வைத்துவிட்டேன். வேலையை ஆரம்பிக்கவில்லை. உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நோய் வருவதற்கு முன் என் வேலையைப் பற்றி நீங்கள் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறீர்கள். "ஏத்தா, வெளையாடுறதுக்கா சம்பளம் தாராக?" கோயம்புத்தூரில் இருக்கிற ஒரு சின்ன கேம் கம்பெனிக்கு ஓடைப்பட்டி வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்பதை ஊரில் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. உங்களுக்கும்தான். நான் பார்த்தது ரோல் பிளேயிங் கேம்கள். நாமே ஒரு ஆளாக அந்த உலகத்துக்குள் நடக்க வேண்டும். எதிரில் வருகிறவர் பேசுவார். நாம் சொல்லக்கூடிய பதில்கள் மூன்றோ நான்கோ திரையில் வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் பேச்சு அந்த வழியில் போகும். அந்தப் பேச்சில் எங்கே ஓட்டை என்று பார்த்துச் சொல்வது என் வேலை.

உங்கள் வேலையும் பேச்சுதான். தோட்டக்காரருக்கும் கேரளத்திலிருந்து வருகிற வியாபாரிக்கும் நடுவில் நின்று திராட்சையைப் பேசி முடிப்பவர். "வெலய மொதல்ல பேசுனா கடைசி வரைக்கும் வெலயத்தான் பேசணும்" என்பீர்கள். அதனால் விலையைப் பேசவே மாட்டீர்கள். "சேட்டா, அம்மைக்கு இப்ப தேவலையா?" என்று ஆரம்பிப்பீர்கள். அந்த அம்மாவின் முழங்கால் வலி, அதற்கு அவர்கள் போட்ட எண்ணெய், பேரனின் பள்ளிக்கூடம் எல்லாம் முடிந்து லாரியில் பெட்டி ஏறும் நேரத்தில் விலை தானாகப் படிந்திருக்கும். சின்ன வயதில் எனக்கு அது சலிப்பாக இருக்கும். எதற்கு இத்தனை பேச்சு என்று தோன்றும்.

அப்படிப்பட்ட உங்களுக்குத்தான் பேச்சு போனது. திராட்சைப் பந்தலுக்கு அடியில் நின்று ஒரு குலையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தவர், பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டீர்கள். தேனி ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வலது கையும் வாயும் வரவில்லை. மற்றவர் சொல்வது உங்களுக்கு விளங்கும். பதில்தான் ஏறி வராது. எதைச் சொல்ல முயன்றாலும் "அதான்" என்ற ஒரே சொல். தண்ணீருக்கும் "அதான்." வலிக்கும் "அதான்." அம்மா அழுதால் அதற்கும் "அதான்."

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் நல்ல பெண். படம் போட்ட அட்டைகள் கொண்டு வந்தாள். சொம்பு, சோற்றுத் தட்டு, கட்டில், கக்கூஸ். வேண்டியதைத் தொட்டுக் காட்டச் சொன்னாள். நீங்கள் அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தீர்கள். பிறகு இடது கையால் மொத்தத்தையும் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டீர்கள். அந்தப் பெண் முகம் சுருங்கிப் போனாள். அம்மா, "அவுக எப்பவும் இப்படி இல்லம்மா" என்று அவளைச் சமாதானம் செய்தார்கள். ஊரெல்லாம் பேசித் திரிந்த மனிதருக்கு மிச்சமிருப்பது சொம்பும் சோறும்தான் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

மத்தியானங்களில் அம்மா கொஞ்சம் கண்ணயர வேண்டும் என்று நான் கம்ப்யூட்டரை உங்கள் அறைக்கே மாற்றினேன். அப்படி ஒரு மத்தியானம்தான். திரையில் பனி பெய்கிற ஒரு பாலம். காவல்காரன் மறிக்கிறான், "எங்கிருந்து வருகிறாய்?" என்கிறான். மூன்று பதில்கள். "அது உனக்கெதற்கு?" "வழி விடு." மூன்றாவது, "இந்தக் குளிரில் நிற்கிறாயே, உனக்கு மாற்றாள் கிடையாதா?" எல்லாம் இங்கிலீஷ். வழக்கம்போல நான் வாய்விட்டுப் படித்துத் தமிழில் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவதை அழுத்தப் போனேன். பின்னாலிருந்து, "அதான்!"

திரும்பினால் உங்கள் இடது கை நீண்டு மூன்றாவதைக் காட்டுகிறது.

அழுத்தினேன். காவல்காரன் ஈட்டியைக் கீழே ஊன்றினான். தம்பிக்குக் காய்ச்சல், அவன் முறைக்கும் தானே நிற்பதாகச் சொன்னான். பேசிப் பேசி, கடைசியில் வழியில் திருடர்கள் எங்கே பதுங்கியிருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட்டு விலகி நின்றான். அந்தப் பாலத்தை நான் அதற்கு முன் பலமுறை தாண்டியிருக்கிறேன். அவனுக்குத் தம்பி இருப்பது எனக்குத் தெரியாது. உங்கள் முகத்தைப் பார்த்தேன். லாரி கிளம்பிய பிறகு வருமே, அந்த முகம்.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் நமக்கு அதுதான். நான் படித்துச் சொல்வேன், நீங்கள் தேர்ந்தெடுப்பீர்கள். பிறகு கன்ட்ரோலரையே வாங்கி மடியில் வைத்துக்கொண்டீர்கள். இங்கிலீஷ் வசனத்தை அப்படியே நம் ஊர்ப் பேச்சில் சொல்லும்போது எனக்கு ஒன்று பிடிபட்டது. உயிருள்ள வசனம் எந்த வாய்க்கு மாற்றினாலும் உயிரோடு இருக்கிறது. செத்த வசனத்தை உங்களிடம் சொல்லவே கூச்சமாக இருக்கும். "இருளின் படைகள் எழுகின்றன, வீரனே" என்று ஒரு கிழவன் சொன்னதை, "இருட்டுப் படையெல்லாம் எந்திருச்சு வருதாம்ப்பா" என்று நான் சொன்னபோது நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

ஒரு ஆட்டத்தில் ராஜா ஒருவர் யோசனை கேட்டார். நாலு பதில். பணிவாக ஒன்று, கோபமாக ஒன்று, கேலியாக ஒன்று, மறுத்து ஒன்று. நீங்கள் கோபத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள். ராஜா, "நன்று, புறப்படு" என்றார். திரும்பப் போய்ப் பணிவைத் தேர்ந்தெடுத்தீர்கள். "நன்று, புறப்படு." மறுத்தாலும் "நன்று, புறப்படு." கன்ட்ரோலரை என் பக்கம் நகர்த்திவிட்டு, "அதான்" என்றீர்கள். அந்த "அதான்" எனக்கு நன்றாகவே விளங்கியது. எதற்கும் ஒரே பதில் வருவதன் வேதனையை வீட்டில் உங்களை விட அறிந்தவர் யார்? அன்று கம்பெனிக்கு அனுப்பிய குறிப்பில், "இந்த ராஜா கேட்கிறார், ஆனால் காது கொடுக்கவில்லை" என்று எழுதினேன். மாற்றினார்களா, தெரியாது.

ஆனால் இன்னொரு ஆட்டத்தில் வந்த அந்தச் சத்திரக்காரியை மறக்க முடியாது. சண்டைக்குப் போன மகனைப் பற்றி வருகிற போகிறவரிடமெல்லாம் விசாரிப்பாள். அவனைப் புதைத்துவிட்டு வந்தவர்கள் நாம். உண்மையைச் சொல்லலாம். உயிரோடிருக்கிறான் என்று பொய் சொல்லலாம். அவன் மோதிரத்தைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் நிற்கலாம். "உன் மகன் எப்படி இருப்பான்?" என்று திருப்பிக் கேட்கலாம். நான்கையும் இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கை காட்டினீர்கள். பிறகு கடைசியைத் தொட்டீர்கள். அவள் சொல்ல ஆரம்பித்தாள். அவன் ரொட்டியின் ஓரத்தைத் தின்ன மாட்டான், தூக்கத்தில் நடப்பான், கோழிக்கெல்லாம் பேர் வைப்பான். யாரோ ஒரு எழுத்தாளர், பெரும்பாலானவர்கள் தொடாமல் போகக்கூடிய ஒரு வழிக்கு அத்தனையும் எழுதி வைத்திருந்தார். சொல்லி முடித்துவிட்டு அவளே கேட்டாள். "அவன் வரமாட்டான், இல்லையா?" நான் அதைத் தமிழில் சொல்லி முடிக்கவில்லை. உங்கள் கண் நிறைந்துவிட்டது. எனக்கும். நோய் வந்த பிறகு நாம் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அன்றுதான். யாருக்காக அழுதோம் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் அம்மா, "பசிக்குதா?" என்று கேட்டார்கள். நான் என் தொடுதிரை டேப்பை எடுத்து மூன்று பதில் அடித்து, படித்துக் காட்டினேன். ஒன்று, "பசிக்குது." இரண்டு, "பசிக்கல." மூன்று, "பசிக்குது, ஆனா அந்தக் கஞ்சிய மட்டும் கொண்டாராத." நீங்கள் மூன்றாவதைத் தட்டியபடி சிரித்தீர்கள். வாய் ஒரு பக்கமாகக் கோணிய சிரிப்பு. அம்மா இடுப்பில் கை வைத்து நின்றார்கள்.

"ஏண்டி, இவுகளுக்கு வாய எழுதிக் குடுக்குறியா நீயி?"

"ஆமா. ஒனக்கு வேணும்னா ஒனக்கும் எழுதித் தாரேன்."

"எனக்கெதுக்கு? இருக்குற வாயே போதும்!"

நான் எழுதியதையெல்லாம் நீங்கள் ஏற்றுக்கொள்ளவும் இல்லை. அம்மா கால் பிடித்துவிட்டபோது "ரொம்ப நன்றி" என்று அடித்தேன். தலையை ஆட்டினீர்கள். "நீ மகராசி" என்று மாற்றினேன். முகத்தைச் சுளித்தீர்கள். நம் வீட்டில் யார் யாருக்கு நன்றி சொல்லியிருக்கிறோம்? யோசித்து, "நீ சாப்பிட்டியா?" என்று அடித்தேன். உடனே தட்டினீர்கள். அம்மா கால் பிடிப்பதை நிறுத்திவிட்டு உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆளுக்கு வசனம் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குக் கற்றுக் கொடுத்தது அந்த "நன்றி"தான்.

பிறகு சித்தப்பா வந்தார். காமயகவுண்டன்பட்டியிலிருந்து பஸ்ஸில், தனியாக. பூர்வீகத் தோட்டத்தில் தன் பங்கை உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியாளுக்கு விற்ற நாளிலிருந்து நீங்கள் அவரிடம் பேசியதில்லை. நாக்கு இருந்த வருடங்களில் பேசவில்லை. இப்போது நாக்கே இல்லை. அவர் நிலைப்படியிலேயே நின்றார். அம்மா கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, மகளுக்குக் கல்யாணம். நீங்க வந்து முன்ன நிக்கணும்." நீங்கள் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். "கோவம் இன்னம் போகலயாண்ணே?"

நான் டேப்பில் வேக வேகமாக அடித்து உங்கள் காதருகே படித்தேன். "உள்ள வா." "எனக்குச் சொல்லாமத்தான வித்த?" "கல்யாணம் எப்ப?" "போயிட்டு வா." எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினீர்கள், இல்லை இல்லை என்று. மறுபடி அடித்தேன். "மன்னிச்சுட்டேன்." அழுகிய குலையைக் காட்டியதுபோல என்னைப் பார்த்தீர்கள். என் கை நின்றுவிட்டது. எனக்கு அதற்கு மேல் தெரியவில்லை. சித்தப்பா சொம்பைத் தரையில் வைத்தார். "சரி மதினி, நான் வாரேன்" என்று திரும்பினார்.

நீங்கள் டேப்பை ஒதுக்கித் தள்ளினீர்கள். முகமெல்லாம் இழுத்தது. "அ... அதா..." என்று வந்து, அது தொண்டையிலேயே உடைந்து,

"ஏலே."

சித்தப்பா நின்றார். நீங்கள் இடது கையால் கட்டிலைத் தட்டினீர்கள், பக்கத்தில் உட்காரச் சொல்லி. மறுபடியும், "ஏலே." சின்னப் பிள்ளையிலிருந்து அவரை நீங்கள் கூப்பிட்ட பேர் அது ஒன்றுதானாம், பிறகு அம்மா சொன்னார்கள். அவர் வந்து உட்காரவில்லை. தரையில் அப்படியே மடங்கி உட்கார்ந்து உங்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். தலை நரைத்த மனிதர்.

"இன்னொருக்காச் சொல்லுண்ணே."

சொன்னீர்கள். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார்கள். நான் டேப்பை அணைத்தேன்.

கல்யாணத்தில் முன்வரிசை நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். வந்தவர்களெல்லாம் குனிந்து உங்களிடம் பேசினார்கள். அடுத்த திராட்சை அறுப்புக்கு முன்னால், ஒரு காலையில், காபி ஆறுவதற்குள் போய்விட்டீர்கள்.

இப்போது நான் ஓட்டை பார்க்கிறவள் இல்லை அப்பா. எழுதுகிறவள். கம்பெனியில் வசனம் எழுதும் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். எதை எழுதினாலும் நம் ஊர்ப் பேச்சில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் இங்கிலீஷில் அனுப்புகிறேன். பதில்களில் ஒன்றாவது, எதிராளியைப் பற்றிக் கேட்கிற கேள்வியாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். "யாரும் அதை அழுத்த மாட்டார்கள், எதற்கு வீண் வேலை?" என்று கூட்டத்தில் சொன்னார்கள். அழுத்துகிற ஒருவரை எனக்குத் தெரியும் என்றேன்.

நீங்கள் டேப்பைத் தட்டிப் பேசியதை ஒருமுறை வந்து பார்த்த அந்தப் பேச்சுப் பயிற்சிப் பெண் போன வாரம் போன் செய்தாள். ஜெயமங்கலத்து அம்மா ஒருவர், உங்களைப் போலவே பேச்சு போய்விட்டதாம். "அட்டையத் தொடவே மாட்டேங்குறாகக்கா. நீங்க ஒருநாள் வர முடியுமா?" பஸ் ஏறித் தேனி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்கள். பக்கத்தில் மகள், என் வயதிருக்கும், கலைந்த தலையும் கசங்கிய சேலையுமாக. நான் டேப்பை வெளியே எடுக்கவே இல்லை. அவளைப் பார்த்து, "ஒங்கம்மா எப்படிப் பேசுவாக?" என்று கேட்டேன்.

முதலில் விழித்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். வாயைத் திறந்தாலே வசவுதானாம். மருமகனைக்கூட விட மாட்டார்களாம். "என்னயப் பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்லக்கா. கழுதைன்னுதான் கூப்பிடுவாக. ஆஸ்பத்திரிக்கு வந்ததுலருந்து யாருமே என்னய வையல." சொல்லும்போதே சிரித்தாள், சிரிக்கும்போதே அழுதாள். சுவரைப் பார்த்திருந்த அம்மா மெல்லத் திரும்பிப் படுத்தார்கள்.

அப்போதுதான் டேப்பை எடுத்தேன். மூன்று பதில் அடித்து அந்த அம்மாவிடம் படித்தேன். "தண்ணி வேணும்." "வலிக்குது." மூன்றாவது, "கழுத, இது என்ன கோலம்? போயித் தலையச் சீவிட்டு வா."

அந்த அம்மாவின் விரல் நகர்ந்து வந்து மூன்றாவதன்மேல் பட்டது. ஒரு முறை தட்டினார்கள். மகள் நகரவில்லை என்றதும் இன்னொரு முறை, அழுத்தித் தட்டினார்கள்.

"போறேன், போறேன்" என்று அவள் எழுந்தாள். பையைக் கவிழ்த்துச் சீப்பைத் தேடி எடுத்து, ஜன்னல் கண்ணாடிக்கு எதிரே நின்று, கண்ணைத் துடைத்துத் துடைத்துத் தலை சீவிக்கொண்டிருந்தாள்.