அம்மா போகும் சனிக்கிழமைக் கூட்டம்

காரைக்கால்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் டென்னிஸுக்கு அப்பா எழுதுவது. நீயும் ஆக்சிலியாவும் பேத்தியும் ஆண்டவர் துணையில் சுகமாக இருப்பீர்கள், அங்கே குளிரும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனதுக்குத்தான் ஆகவில்லை. போனில் அம்மா பேச்சை எடுத்தாலே நீ வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன், முழுவதும் படி.

அம்மாவுக்கு ஈரல் வீங்கியிருக்கிறது, இனி ஒரு சொட்டும் கூடாது, மாத்திரை மட்டும் போதாது, குடியை நிறுத்தியவர்கள் கூடும் கூட்டத்துக்கு அழைத்துப் போங்கள் என்று டாக்டர் சொன்னதும் நீ அங்கிருந்து ஒரு விலாசத்தை அனுப்பிவிட்டு உன் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டாய். அந்த விலாசத்தில் இப்போது செல்போன் ரிப்பேர் கடை இருக்கிறது, நம்பரும் உபயோகத்தில் இல்லை. நம் ஊரில் பிராந்திக் கடைக்கு யாரும் வழி கேட்க வேண்டியதில்லை, வெளியூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவனுக்குக்கூடத் தெரியும். குடியை விடுகிற இடம் எது என்று கேட்டால் மட்டும் எல்லோருக்கும் குரல் இறங்கிவிடுகிறது. பங்குச் சாமியார் ஜெபிக்கச் சொன்னார். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் பெண் என்னை மேலும் கீழும் பார்த்து, எத்தனை வருஷமாகக் குடிக்கிறீர்கள் என்று கேட்டாள். எனக்கில்லை, வீட்டில் என்றேன். மகனா என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன், உன் பேரைத்தான் கெடுத்தேன், கோபித்துக்கொள்ளாதே. கடைசியில் மாத்திரை வாங்கப் போன இடத்தில் மருந்துக்கடை கார்த்திகேசனிடம் கேட்டேன். அவர் கடையில் வேறு ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, தானே அப்படியொரு கூட்டத்துக்குப் போவதாகவும், நெரவி போகிற ரோட்டில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் நடக்கிறது என்றும் சொன்னார். இத்தனை வருஷம் பழகியும் எனக்குத் தெரியாது.

அம்மா வரமாட்டேன் என்றாள். டீச்சராக இருந்தவள், தன்னிடம் படித்தவர்கள் இருந்தால் எந்த முகத்தோடு உட்காருவது என்று அழுதாள். மன்றாடித்தான் கூட்டிப் போனேன். போனால் எல்லாம் ஆண்கள். என்னை முன் வரிசையில் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள், வீட்டுக்காரம்மா அங்கே இருக்கட்டும் என்று அவளுக்குக் கதவோரம் நாற்காலி போட்டார்கள். கூட்டம் நடத்தும் சோமு என்பவர், பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர், புதிதாக வந்தவர் விருப்பம் இருந்தால் பேசலாம் என்றார். நான் எழுந்து என் பேரைச் சொன்னேன், அதற்கு மேல் நாக்கு எழவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். அப்போதுதான் பின்னாலிருந்து அம்மா குரல் கேட்டது. "அவரு தொட்டதே இல்லீங்க. குடிக்கிறது நான்தான். என் பேரு சலோமி." ஒருவரும் கை தட்டவில்லை. சோமு சார்தான் தன் நாற்காலியை நகர்த்திப் போட்டு, "முன்னாடி வாங்கம்மா" என்றார். பள்ளிக்கூடத்தில் வாய் நாறக்கூடாது என்று ஏலக்காய் மென்றதை அங்கே சொன்னாள். நான் அவள் கைப்பையில் ஏலக்காயைப் பார்க்கும்போதெல்லாம் இருமலுக்கு என்றுதான் நினைத்திருந்தேன் டென்னிஸ்.

அதோடு நல்லபடியாகப் போயிருந்தால் இந்தக் கடிதமே வேண்டாம். ஜெயபிரகாஷ் என்ற பையன், அம்மாவிடம் படித்தவன், டீச்சரை வைத்துக்கொண்டு நான் எப்படிப் பேசுவது என்று சோமு சாரிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். பெண்களுக்கென்று தனியாகச் சென்னையில் நடக்கிறதாம், விசாரிக்கட்டுமா என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். வாரா வாரம் சென்னைக்குப் பஸ் ஏற முடியுமா, முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறுகிறவளை எங்கே அனுப்பச் சொல்கிறீர்கள் என்று நான் சத்தம் போட்டுவிட்டேன். அந்த வாரமே அம்மா மறுபடி குடித்துவிட்டாள். பாட்டிலைக் கழுவுதொட்டியில் கவிழ்த்தேன், கத்தினேன், இனி கூட்டமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், பட்ட அவமானம் போதும் என்றேன். எனக்கும் வயதாகிறதப்பா, எத்தனை தடவைதான் முதலிலிருந்து தொடங்குவது.

போன சனிக்கிழமை நான் சட்டையை மாட்டவே இல்லை. அவளே புடவை மாற்றிக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். திரும்பி வந்து முகம் கழுவிவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள். "குடிச்சிட்டேன்னு சொன்னேன். யாரும் எந்திரிச்சுப் போகல. ஜெயபிரகாஷும் உக்காந்துதான் இருந்தான்" என்றாள். நான் தோசை ஊற்றிக் கொடுத்தேன்.

இப்போது உன்னிடம் கேட்கிறேன். குடிப்பவள் முகத்தைக் குழந்தை பார்க்க வேண்டாம் என்று வீடியோவில் பேத்தியைக் காட்டுவதை நிறுத்தினாயே, முன்பின் தெரியாத ஆண்கள் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், பெற்ற பிள்ளை நீ எழுந்து போய்விட்டாய். அவள் இனிக் குடிக்கவே மாட்டாள் என்று உனக்குச் சத்தியம் செய்து கொடுக்க என்னால் முடியாது, அவளாலும் முடியாது. அது வரைக்கும் காத்திருப்பேன் என்றால் நீ பேசவே போவதில்லை.

ஆக்சிலியாவுக்கும் குழந்தைக்கும் என் முத்தம். மாதா உங்கள் மூவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டில்தான் இருப்போம். போன் செய், என்னைக் கேட்காதே, அம்மாவைக் கேள். குடித்தாயா என்று கேட்காதே, சாப்பிட்டாயா என்று கேள்.

உன் அப்பா
மரியமுத்து