இராசவள்ளி நிறம்

என் மூத்தவனுக்கு,

அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். உன் கலியாணத்துக்கு வராத நான், சனிக்கிழமை வெக்ஸ்போர்ட்டில் உன் மனுசி வேலை செய்யும், அவளுடைய ஆட்களின் பிலிப்பினோ கடைக்குப் போனேன். யாரென்று சொல்லாமல் ஹாலோ-ஹாலோ கேட்டேன்.

சீவிய ஐஸ், பால், இனிப்பில் ஊறிய பயறு, பலாப்பழம். மேலே ஊதா நிறத்தில் இருந்தது எங்கள் இராசவள்ளிக் கிழங்கேதான்! ஒன்றோடொன்று பட்டுவிடாமல் ஓரமாக எடுத்துச் சாப்பிட்டேன்.

அவள் கிட்ட வந்து, "கலக்கிச் சாப்பிடுங்கோ, மாமி" என்றாள். தமிழில். நீ என் படத்தைக் காட்டியிருக்கிறாய். பாதியிலேயே எழும்பி வந்துவிட்டேன்.

வெளிக்கிடும்போது பார்த்தேன், ஐஸ் சீவும் மெஷினை அவள் தனியாகத் தூக்கினாள். அந்த வயிற்றோடு தூக்கக்கூடாது. நீ எங்களுக்குச் சொல்லாதது இருக்கட்டும். அவளிடம் சொல்லு, மாமி சொன்னதாக.

அம்மா