பஞ்சுக்கு ஒத்துவராத வாசனை

கும்மிடிப்பூண்டி,
10-4-2008, வியாழக்கிழமை.

அன்பு மச்சானுக்கு நாஜியா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே மாமா, மாமி, சிஃபா, நான் எல்லோரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். துபாயில் நீங்களும் உங்கள் அறைக்காரர்களும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் குவைத் சிமெண்ட் கம்பெனிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். இந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பேச்சை விடு என்று சொல்லி, சிஃபாவைக் கூப்பிடச் சொல்கிறீர்கள். கடிதத்தில் என் பேச்சை வெட்ட முடியாது இல்லையா, அதனால்தான் எழுதுகிறேன். ஐந்து நாளில் போய்ச் சேரும் என்று கூரியர்காரர் சொல்லியிருக்கிறார். நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய இருபதாம் தேதிக்கு அதற்குப் பிறகும் நாள் இருக்கிறது.

மீஞ்சூர் ரஃபி போன வாரம் லீவில் வந்தவர் உங்கள் கடிதத்தையும் அந்த சென்ட் புட்டியையும் கொண்டுவந்து கொடுத்தார். கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஐந்து வருடம் சென்ட் கடைக் கவுண்டரில் நின்ற பிறகு, முதலாளி முதல்முறையாக உங்களையே ஒரு வாசனை கலக்கச் சொல்லியிருக்கிறார். அவர் கடையில் எதுவுமே நூறு புட்டிக்கு மேல் செய்வதில்லை, அப்படி ஒரு நூறு உங்களுடையது என்று முன்பு எவ்வளவு பெருமையாக எழுதியிருந்தீர்கள். இப்போது மூன்று மாதமாக ஒரு புட்டிகூடப் போகவில்லை, மாதக் கடைசியில் அலமாரியிலிருந்து எடுத்துவிடப் போகிறார், எனக்கு மூக்கே இல்லை, குவைத்தில் ஸ்டோர்கீப்பராகப் போகிறேன், மூன்று வருடத்துக்கு லீவு கிடையாது, புட்டியைக் குப்பையில் போட்டுவிடு என்று எழுதுகிறீர்கள். நான் போடவில்லை. நீங்கள் சொல்கிற எல்லாவற்றையும் கேட்கிற பெண்டாட்டி வேண்டுமென்றால் வேறு ஊரில் பெண் எடுத்திருக்க வேண்டும்.

இங்கே நடந்ததை உள்ளபடி சொல்கிறேன். புட்டியை முதலில் கையில் எடுத்தது மாமாதான். நாற்பது வருடம் அத்தர் கடை நடத்துகிறவர் எப்படிப் பார்ப்பாரோ அப்படித்தான் பார்த்தார். பஞ்சைக் கிள்ளித் திரித்தார், சொட்டச் சொட்ட நனைத்தார், காது மடலில் சொருகிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பஞ்சை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, “இன்னாம்மா இது, சுருட்டு புடிக்கிறவன் பக்கத்துல குந்திகினு இருக்குற மாரியே கீது” என்றார். மாமி அதே பஞ்சை முகர்ந்துவிட்டு, சாராய நாத்தம் அடிக்குது, இதை ஊட்டுல வெச்சா வானத்து மலக்குகூட வரமாட்டாங்க என்று முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நிஜ ரம் இல்லை, அந்த வாசனை தருகிற எசன்ஸ்தான் என்று நீங்கள் அடிக்கோடிட்டு எழுதியதைப் படித்துக் காட்டினேன். நம்பவில்லை. மாமாவுக்குக் கோபம் இல்லை, வருத்தம்தான். அன்று கடைக்குப் போகும்போது செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

எனக்கு வந்தது ரோஷம். மறுநாள் சிஃபாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, முழங்கை மடிப்பில் ஒரு தடவை, கழுத்தில் ஒரு தடவை அடித்துக்கொண்டேன். முதலில் குப்பென்று ஏறியது உண்மைதான். ஞானம்மா டீச்சர் கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம் முன்பே கேக்குக்குப் பழங்களை ரம்மில் ஊறப்போட்டு வைப்பார்களே, அந்த ஜாடியைத் திறந்த மாதிரி இருந்தது. நானும் முகத்தைச் சுளித்தேன். பிறகு துவைக்கிற வேலையில் மறந்துவிட்டேன். பத்து மணிக்குக் கரண்ட் போனது. வியர்த்து வழிந்தது. அப்போதுதான் மச்சான், அது ஆரம்பித்தது. சாராயம் போன இடம் தெரியவில்லை. காய்ந்த புகையிலை வந்தது. பீடிப் புகை இல்லை, கடையில் புகையிலைக் கட்டுப் பிரிக்கும்போது வருமே, அந்த இலை வாசனை. அதற்குள் லவங்கப்பட்டை, அதற்கும் உள்ளே தேனும் பேரீச்சம்பழமும். லுஹர் தொழுகைக்கு ஒளூ செய்யப் போகும்போது கையைக் கழுவ மனம் வரவில்லை. கழுவினேன், கவலைப்படாதீர்கள். கழுவிய பிறகும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சோற்றைக் குழைய விட்டுவிட்டு என் கையையே முகர்ந்துகொண்டு நின்றேன்.

அப்போது எனக்குப் புரிந்தது, தப்பு உங்கள் மீது இல்லை, பஞ்சின் மீது. அத்தர் எண்ணெய்ச் சரக்கு, பஞ்சில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். உங்களுடையது ஸ்பிரிட்டில் செய்தது. அதைப் பஞ்சில் நனைத்துக் காதில் வைத்தால் ஸ்பிரிட்டும் காரமும்தான் மூக்குக்கு நேராக வந்து நிற்கும். உடம்புச் சூடு பட்டால்தான் மற்றது வெளியே வரும். இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு வந்த கர்வத்துக்கு அளவில்லை. ஆனால் என் பேச்சை மட்டும் வைத்து இந்த வீட்டில் ஒன்றும் நடக்காது. வாசனை போட்டுக்கொண்டு நான் தெருவில் இறங்குவதும் நம் வழக்கமில்லை. அதனால் பக்கத்து வீட்டு ஜோதிலட்சுமியைப் பிடித்தேன். அவள் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறாள், நாள் முழுக்க வெக்கையில் நிற்கிற வேலை.

காலையில் அவள் கழுத்தில் நான்தான் அடித்துவிட்டேன். ஷேர் ஆட்டோவில் ஆறு ஆம்பிளைகளோடு போய் இறங்கியிருக்கிறாள். கம்பெனி கேட்டில் காவலுக்கு நிற்கிற சுப்பிரமணி மூக்கை உறிஞ்சிவிட்டு, “காலங்காத்தால எவன்யா ஊத்திகினு வந்தது” என்று அந்த ஆறு பேரையும் வரிசையாக நிறுத்தி வாயை ஊதச் சொல்லியிருக்கிறார். இவள் டிபன் பையைத் தூக்கிக்கொண்டு மெதுவாக உள்ளே போய்விட்டாள். எனக்குச் சொல்லும்போது சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது நாலு பெண்கள் அவளை விடவில்லையாம். இன்னா சென்ட்டுடி இது, எங்க வாங்கினே என்று ஒருத்தி அவள் தோளிலேயே மூக்கை வைத்துக்கொண்டு சாப்பிட்டாளாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது நானே முகர்ந்து பார்த்தேன். மெஷின் எண்ணெய்க்கும் அட்டைப்பெட்டித் தூசுக்கும் நடுவில் அது இருந்தது. துபாயில் எந்த ஷேக்கு வீட்டிலாவது ஒரு வாசனைக்கு இப்படி ஒரு பரீட்சை வைத்திருப்பார்களா?

அடுத்தது மாமா. நேராகக் கேட்டால் மாட்டேன் என்பார். மாமியிடம் பேசி, சாப்பிட்டுவிட்டு அவர் சாய்ந்திருக்கும்போது மணிக்கட்டில் ஒரு தடவை அடிக்கச் சொன்னேன். மாமி முதலில் முடியாது என்றார், பிறகு என் தொல்லை தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். மாமா சிடுசிடுத்தார், தூங்கினார். இரண்டு மணிக்குக் கரண்ட் போய் வியர்த்து எழுந்தவர் விசிறியைத் தேடக் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே முகத்துக்குப் போனது. நான் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று தடவை முகர்ந்தார். அஸர் பாங்கு சொன்னது. ஒளூ செய்யக் கையைக் கழுவப் போகும்போது என்னைக் கூப்பிட்டு, “நம்ம கடையில குந்திகினு கத்துக்கினதுதாம்மா இது. ஆனா நான் கத்துக்குடுத்தது இல்ல. அவனுக்கு எழுது, வாப்பா தப்பா பாத்துட்டாருன்னு எழுது” என்றார். அவர் வாயில் வந்த வார்த்தையை மாற்றாமல் எழுதியிருக்கிறேன். நாற்பது வருடக் கடைக்காரர் தன் மகனிடம் இப்படிச் சொல்கிறார் என்றால், முதலாளி சொன்னதைவிட இது பெரிது.

உங்கள் கடையிலும் இதேதான் நடந்திருக்கும். குளிர்பதனம் போட்ட கடை, முகர்ந்து பார்க்க ஒரு காகிதக் குச்சி, முகர்கிற ஆளுக்குப் பொறுமை அரை நிமிஷம். இங்கே மாமாவுக்குப் பஞ்சு, உங்கள் முதலாளிக்குக் காகிதம். தைரியமாக அவரிடம் போய்ச் சொல்லுங்கள், வருகிற ஆளின் கையில் அடித்துவிட்டு, கடைவீதியைச் சுற்றிவிட்டு வாருங்கள் என்று அனுப்பச் சொல்லுங்கள். பத்துப் பேரில் மூன்று பேராவது திரும்பி வருவார்கள். வராவிட்டால் என்னைக் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைப் போட்டுக்கொண்டால் உங்கள் ஞாபகம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. உங்கள் சட்டை வாசனை எனக்குத் தெரியும், இது அது இல்லை. இது எனக்குத் தெரியாத ஆள். இவ்வளவு சூடும் இவ்வளவு இனிப்பும் உள்ளே வைத்துக்கொண்டு, போனில் ‘சாப்பிட்டியா, சிஃபா படிக்கிறாளா’ என்று மட்டும் கேட்கிற ஆள். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இந்த ஆளைச் சிமெண்ட் மூட்டை எண்ண அனுப்ப எனக்குச் சம்மதமில்லை.

ஊர் விஷயங்கள் சிலது. சிஃபா இரண்டாம் வகுப்புக்குப் போகப் போகிறாள். மாமாவின் முழங்கால் வலி பரவாயில்லை. மோட்டார் பழுதாகி நேற்றுதான் சரியானது. வெயில் இப்போதே தாங்கவில்லை. ஆனால் இந்த வருடம் வெயிலைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

இப்போது ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் இதைப் போட்டுப் பார்த்தீர்களா? கடையில் வேலை செய்கிறவர்கள் எந்த வாசனையும் போடக் கூடாது, சோப்புகூட மணமில்லாததுதான் என்று முதல் வருடமே எழுதியிருந்தீர்கள். நீங்கள் சட்டத்தை மீறுகிற ஆளும் இல்லை. அப்படியென்றால் எத்தனை தடவை கலந்தாலும் காகிதத்தில்தான் முகர்ந்திருப்பீர்கள். இந்த வாசனை இதுவரை ஏறியிருக்கிற உடம்புகளில் எனக்குத் தெரிந்து மூன்றுதான், என்னுடையது, ஜோதிலட்சுமியுடையது, மாமாவுடையது. செய்தவர் உடம்பு அதில் இல்லை.

வருகிற பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை உங்களுக்கு லீவு. அஸர் தொழுதுவிட்டு நாலு மணிக்கு நெஞ்சில் இரண்டு தடவை அடித்துக்கொள்ளுங்கள். அறைக்குள் படுக்காமல் கிரீக் தண்ணீர் ஓரமாக வெயிலில் நடங்கள். மக்ரிப் வரைக்கும் நடங்கள். பிறகு குனிந்து உங்கள் சட்டைக்குள் முகர்ந்து பாருங்கள். அப்போதும் உங்கள் மூக்கு இது நன்றாக இல்லை என்று சொன்னால் குவைத்துக்குப் போங்கள், நான் குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

அங்கே நாலு மணி என்றால் இங்கே ஐந்தரை. அன்றைக்கு ஐந்தரை மணிக்கு நானும் போட்டுக்கொண்டு மொட்டைமாடியில் நிற்பேன். நீங்கள் வந்து போய் இரண்டு வருடம் ஆகிறது. அந்த ஒரு சாயங்காலமாவது என்னைத் தனியாகப் போட்டுக்கொள்ள விடாதீர்கள்.

அல்லாஹ் உங்கள் கைக்கும் மூக்குக்கும் பரக்கத் செய்வானாக, ஆமீன்.

உங்கள்
நாஜியா