ராசாத்தாளின் மாத்திரை

பவானி,
14.11.1996

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை இன்னும் குறையவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பயப்பட வேண்டாம்.

கூடப் படித்தவர்கள் இதயம், கண் என்று போக, குடும்ப மருத்துவம் படித்து என்ன செய்யப்போகிறாய் என்றும் கேட்டிருந்தீர்கள். போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். ஜமக்காளம் நெய்யும் ராசாத்தாளுக்கு இரண்டு முறை மாத்திரையைக் கூட்டியும் சர்க்கரை குறையவில்லை. நேரே வீட்டுக்கே போய்க் கேட்டேன்.

“ஊட்டுக்காரருக்கும் சக்கரை இருக்குதுங்க அம்மணி. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா, எனக்கு ஒண்ணுமில்லைங்கறாரு. அதான் என் மாத்திரையை உடைச்சு ஆளுக்குப் பாதி போட்டுக்கறோமுங்க.”

தறியில் இருந்த அவள் கணவரிடம் அங்கேயே ரத்தம் எடுத்துச் சோதித்து, அவர் பெயரிலும் மருந்துச் சீட்டு எழுதினேன். இப்போது இருவருக்கும் குறைகிறது. இதயம் பார்க்கிறவர்கள் தறிக்குழி வரை வரமாட்டார்கள் அப்பா.

நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்புங்கள். தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்குவதில்லை.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை என்று நீங்களும் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறீர்கள். அடுத்த கடிதத்தை அம்மா எழுதட்டும்.

உங்கள் மகள்,
சாருமதி