அம்மாவின் ஐந்து ஆர்க்கிட் தொட்டிகள்

ஆனாபெர்க்,
ஜனவரி 26

அன்பு மகள் ஆங்கேவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளை டோரியனும் நியூசிலாந்தில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே இப்போது வெயில் காலம், தொப்பி இல்லாமல் வெளியே திரியாதே. இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் மட்டும் வழக்கம்போல. இரண்டு வாரமாகப் பனி விடவே இல்லை, காலையில் மைனஸ் பதினாலு. வாசல் பனியை நானேதான் வாரிப் போடுகிறேன், அதற்குத் திட்டாதே. ஞாயிறுதோறும் போனில் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், இந்த மனுஷன் எதற்கு இப்போது கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் சொல்ல வாய் வராத விஷயம் ஒன்று இருக்கிறது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் ஆர்க்கிட் செடிகள் ஐந்தில் நான்கு செத்துப்போய்விட்டன. நேற்று இன்று நடந்ததில்லை, கிறிஸ்துமஸுக்கு முன்பே முதல் இரண்டும் போய்விட்டன. நீ ஒவ்வொரு ஞாயிறும் "அப்பா, செடிங்க எப்படி இருக்கு" என்று கேட்பாய், நானும் "அதுங்களுக்கென்ன, ஜோரா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஏழு ஞாயிறு பொய் சொல்லியிருக்கிறேன். நவம்பரில் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு நீ விமானம் ஏறும் முன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அதுங்க உயிரோட இருக்கற வரைக்கும் அம்மா வீட்டுல இருக்கற மாதிரிதான்ப்பா, ஈஸ்டருக்கு வந்து நான் பாக்கணும்" என்று சொன்னாய். அதை வைத்துக்கொண்டு எப்படி உண்மையைச் சொல்வது, சொல்லு.

நீ எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டுப் போன தாளில் உள்ளபடிதான் எல்லாம் செய்தேன். நாற்பது வருஷம் பஸ் இன்ஜினைப் பிரித்துப் பூட்டியவனுக்கு ஐந்து செடி ஒரு வேலையா என்ற திமிரும் இருந்தது. வேர் வெளுத்து வெள்ளியாய்த் தெரிந்தால் மட்டும் தண்ணீர், பச்சையாக இருந்தால் தொடக்கூடாது. தொட்டியோடு வாளித் தண்ணீரில் பத்து நிமிஷம் உட்காரவைத்து, முழுக்க வடியவிட்டு, அப்புறம்தான் ஜன்னல் திண்டில் வைப்பது. நடுக்குருத்தில் ஒரு சொட்டு நின்றாலும் காகிதத்தை முறுக்கி ஒற்றி எடுத்தேன். ஹீட்டர் சூட்டில் காய்ந்துவிடாமல் கூழாங்கல் தட்டில் தண்ணீர் வைத்தேன். அப்படியும் மொட்டெல்லாம் மஞ்சளித்து உதிர்ந்தது, இலைகள் வெந்த கீரை மாதிரி தொளதொளத்துக் கறுத்தன. தண்ணீர்தான் போதவில்லையோ என்று ஒன்றுக்குக் கூடுதலாக விட்டேன், அது இன்னும் சீக்கிரம் போனது. தூக்கிக் குப்பையில் போடும்போது எனக்கு எதுவுமே தோன்றவில்லை, ஆங்கே. அம்மா போன நாளிலிருந்தே அப்படித்தான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், பத்திரிகையைப் பிரித்து ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துக் கிடக்குமே, அந்த மாதிரி. அழுகைகூட வரவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை மாடிவீட்டு பெட்சோல்ட் அம்மாள் எனக்கு உருளைக்கிழங்கு சூப் கொண்டுவந்தாள். நான் வழக்கம்போல ஜன்னலை அகலத் திறந்து போட்டு வீட்டுக் காற்றை மாற்றிக்கொண்டிருந்தேன். பனியானாலும் மழையானாலும் காலையும் மாலையும் பத்து நிமிஷம் திறக்காவிட்டால் சுவரில் பூஞ்சை ஏறிவிடும் என்று சின்ன வயதில் உன்னை எத்தனை விரட்டியிருக்கிறேன். மிஞ்சியிருந்த ஒரே தொட்டியை, உள்பக்கமாகத் திறக்கும் ஜன்னல் கதவு இடிக்காமல் இருக்கத் திண்டின் ஓரத்துக்குத் தள்ளிவைத்திருந்தேன். அதைப் பார்த்ததும் சூப் பாத்திரத்தை டக்கென்று கீழே வைத்துவிட்டு அந்த அம்மாள் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். "அடக் கடவுளே, லோசே ஐயா! இந்தக் குளிர்ல இதை இங்கயே வச்சுக்கிட்டா திறக்கறீங்க? உங்களைச் சட்டை இல்லாம இங்க நிறுத்தி வச்சா தாங்குவீங்களா?" என்றாள். பத்து நிமிஷம்தானே என்றேன். "அது சாகறதுக்குப் பத்து நிமிஷம் போதும்யா! உங்க ரோஸ்விதா அஞ்சையும் தூக்கி மேஜைல வச்சுட்டுத்தானே ஜன்னல்ல கையே வைப்பா. இருபது வருஷமா கூடவே இருந்தீங்க, பாக்கலையா?" என்றாள்.

பார்த்தேன். தினமும் பார்த்தேன். என் காப்பிக் கோப்பையைச் சுற்றித்தான் தொட்டிகளைக் கொண்டுவந்து வைப்பாள். "சாப்பிடற இடத்துல எதுக்குடி இந்தக் காட்டைக் கொண்டாந்து வைக்கறே" என்று ஒருநாள் விடாமல் சிடுசிடுத்திருக்கிறேன். திண்டைத் துடைக்க எடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவளும் ஏனென்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "உங்க காப்பி ஒண்ணும் கெட்டுப்போகாது, குடிங்க" என்பதோடு சரி. உன் தாளிலும் இது இல்லை, அதற்காக நீ மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. நீ கல்யாணமாகிப் போன பிறகுதான் அவள் செடி வளர்க்க ஆரம்பித்தாள், நீ வந்ததெல்லாம் கோடையில். உனக்கு எப்படித் தெரியும். தெரிந்திருக்க வேண்டியவன் நான்.

பெட்சோல்ட் அம்மாளே ஒரு யோசனையும் சொன்னாள். ஈஸ்டருக்கு இன்னும் இரண்டு மாசம் இருக்கிறது, "அதே நிறத்துல நாலு வாங்கி வச்சுடுங்க, பொண்ணுக்கு எங்க தெரியப்போகுது" என்றாள். மறுநாளே பஸ் ஏறிக் கடைக்குப் போனேன். வெள்ளை இரண்டு, ஊதா ஒன்று, மஞ்சளில் புள்ளி போட்டது ஒன்று, அச்சாக அப்படியே கிடைத்தன. கடைக்காரப் பெண் குளிர் படாமல் காகிதம் சுற்றிக்கொண்டே, யாருக்காவது பரிசா என்று கேட்டாள். அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். நீ வந்து அந்தச் செடிகளுக்கு முன்னால் நின்று அம்மாவோடு பேசுவாய், நான் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கும். அது என்னால் ஆகாது. மன்னிப்புக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தேன்.

மிஞ்சியது அந்தச் சின்ன ரோஸ் நிறத்துச் செடி. கறுத்துப்போன ஒரு இலையை வெட்டி, வெட்டிய இடம் அழுகாமல் இருக்க லவங்கப்பட்டைத் தூள் வைத்திருக்கிறேன். மற்ற மூன்று இலைகளும் கெட்டியாக இருக்கின்றன. இப்போதெல்லாம் மேஜைக்குத் தூக்கிவைத்துவிட்டுத்தான் ஜன்னலைத் திறக்கிறேன். ஈஸ்டர்வரை தாங்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். கோபம் வந்தால் திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள் எப்போதும் உண்டு. வேளைக்குச் சாப்பிடுங்கள், ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுக்காமல் இருங்கள். மாப்பிள்ளை தினமும் வீட்டில் செய்கிற எதுவாவது ஏனென்று உனக்குப் புரியாவிட்டால் அன்றைக்கே கேட்டுவிடு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட மறக்காதே. செடிகளைப் பற்றிக் கேட்டு முடித்ததும் "நீங்க எப்படிப்பா இருக்கீங்க" என்று கேட்பாயே, அந்த ஏழு ஞாயிறும் அதற்கு நான் சொன்ன பதிலும் பொய்தான். இந்தக் கடிதம் கிடைத்த வாரம் அதை இன்னொரு தடவை கேள்.

இப்படிக்கு,
உன் அப்பா
எக்கார்ட் லோசே