மூடி உன்னிடம், பேனை என்னிடம்

என் அருமை மச்சான் அந்தோனிக்கு,

நீ போய் ஒரு வருசத்துக்கு மேலாகிவிட்டது. இத்தனை நாளும் ஏன் ஒரு வரி எழுதவில்லை என்று கேட்டால், காரணத்தைக் கேட்டு நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். எழுதப் பேனை இல்லை. உன்னுடைய பேனையால் உனக்கே கடிதம் எழுத எனக்குப் பயமாக இருந்தது. வேறு எந்தப் பேனையும் என் கையில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறது. அது எப்படி என்று உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

நம் படகுத்துறை அப்படியேதான் இருக்கிறது. மூதூருக்குப் போகும் படகில் ஏறுகிற ஒவ்வொருவருடைய பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் நான்தான் இன்னும் எழுதுகிறேன். பக்கத்து யன்னலில், நீ டிக்கற் கொடுத்த இடத்தில், இப்போது கிண்ணியாவிலிருந்து நசார் வந்து இருக்கிறான். நல்ல பொடியன், ஆனால் சில்லறையை மேசையில் பரப்பி வைப்பான். நீ பார்த்தால் பத்தி எரிவாய். கடற்காற்றில் தாள் எப்போதும் போல ஈரலிப்பாகத்தான் இருக்கிறது. அதில் வழுக்காமல், மை கக்காமல், பெயரின் பாதியில் நின்று தொலைக்காமல் எழுதுகிற ஒரு குமிழ்முனைப் பேனை கிடைப்பதும், குணமான மருமகன் கிடைப்பதும் ஒன்று என்பாய். உனக்கு மருமகன் கிடைத்துவிட்டான். அதைப் பிறகு சொல்கிறேன்.

உன்னிடம் எப்போதும் எழுதுகிற பேனை இருந்தது. அதனால் துறைக்கு வருகிற எல்லோரும் உன் யன்னலில்தான் இரவல் கேட்பார்கள். ஆசுபத்திரிக்குப் போகிறவர், அரசாங்கக் கச்சேரிக்குப் போகிறவர், காதலிக்கு விலாசம் எழுதுகிறவர், எல்லோருக்கும் கொடுப்பாய். மூடியை மட்டும் கொடுக்க மாட்டாய்.

"பேனையைக் குடு, மூடியைக் குடாதை. மூடியில்லாத பேனையை ஆரடா வீட்டை கொண்டு போவான்?"

மூடி உன் சட்டைப் பையில் தனியாகச் செருகியிருக்கும். வாங்கியவர் திருப்பித்தர மறந்தால் வாயைத் திறந்து கேட்கமாட்டாய். அந்த மூடியை எடுத்து யன்னல் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுவாய். டொக், டொக். ஆள் அசடு வழியத் திரும்பி வந்து தந்துவிட்டுப் போகும். எனக்கும் அதே சட்டம்தான். ஒரே பாயில் படுத்த சிநேகிதம் நம்முடையது, ஆனால் ஒருநாளாவது மூடியோடு பேனை தந்திருப்பாயா?

அன்று காலையும் தரவில்லை. படகு புறப்படும் நேரம், சனம் முண்டியடிக்கிறது, என் பேனை செத்துவிட்டது. நீ உன் பேனையை நீட்டினாய், மூடியைப் பையில் செருகினாய். "எழுதி முடிச்சு வை. நான் தேத்தண்ணி ஒண்டு குடிச்சிட்டு வாறன்" என்று எதிர்க்கடைக்குப் போனாய். கடைக்காரர் என்னைக் கூப்பிட்ட சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. நான் ஓடி வந்தபோது நீ கதிரையில் சாய்ந்திருந்தாய். தேத்தண்ணி பாதி மிச்சம் இருந்தது. நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்று டொக்டர் விளக்கமாகத்தான் சொன்னார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை.

உன் கல்யாணக் கோட்டைப் போட்டுத்தான் உன்னைப் பெட்டியில் வைத்தார்கள். உன் மெற்றில்டா குனிந்து, கோட்டின் பையில் அந்த நீல மூடியைச் செருகினாள். "இது இல்லாட்டி அவரை அவரெண்டு சொல்ல ஏலாது அண்ணை" என்றாள். எல்லோரும் அழுதார்கள். என் சட்டைப் பையில் உன் பேனை இருந்தது. அந்த நேரத்தில் அதை எடுத்துப் பெட்டிக்குள் வைப்பதா, மூடியைக் கேட்டு வாங்குவதா? இரண்டும் செய்யக்கூடிய காரியமா, சொல்லு. மூடி உன்னோடு மண்ணுக்குள் போனது. பேனை என்னோடு துறைக்கு வந்தது.

ஆரம்பத்தில் எனக்குச் சந்தோசம்தான். உன் நினைவாக ஒன்று கையில் இருக்கிறதே என்று. எழுத்தும் வெண்ணெய் மாதிரிப் போனது. ஈரத் தாளிலும் நிற்கவில்லை. நம் வேலைக்கு ஒரு பேனை மாதக் கடைசியைக் காண்பதே பெரிய பாடு என்று உனக்குத் தெரியும். இது தீரவில்லை. உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கிற பேனைதானே, உள்ளே மை தெரியும். என் பெருவிரல் நகத்துக்கு நேரே நின்ற மை, தைப்பொங்கலுக்கும் அங்கேதான் நின்றது, சித்திரை வருசத்துக்கும் அங்கேதான் நின்றது. நான் என் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

பிறகு தட்டுச் சத்தம் தொடங்கியது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு எதுவும் இருளவே இல்லை மச்சான், அது பட்டப்பகல். படகு போய்விட்டது. துறையில் ஒரு குருவி இல்லை. கடல் தகடு மாதிரிக் கிடக்கிறது. நான் குனிந்து பெயர்களைச் சரிபார்க்கிறேன். யன்னல் விளிம்பில் டொக், டொக். நிமிர்ந்தால் ஒருவரும் இல்லை. கயிறு, கப்பி, காற்று, எல்லாவற்றிலும் பழியைப் போட்டுப் பார்த்தேன். ஒருநாள் நசார் தன் யன்னலால் தலையை நீட்டி, "எத்தின டிக்கற் வேணும்?" என்று வெறும் வெளியைக் கேட்டான். பிறகு என்னைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"சிவா அண்ணன், ஆரோ தட்டினாங்கதானே?"

"காத்தடா" என்றேன். அவனுக்குத் தெரியும் அன்று காற்று இல்லை என்று.

அன்றுதான் உன் பேனையை மேசை லாச்சிக்குள் போட்டு மூடிவிட்டு வேறு பேனை தேடத் தொடங்கினேன். டவுனில் உள்ள புத்தகக்கடை எல்லாம் ஏறி இறங்கினேன். கடைத் தாளில் கிறுக்கிப் பார்க்கும்போது ஒவ்வொன்றும் துள்ளி எழுதும். துறைக்கு வந்து முதல் பெயரை எழுதினால் வெறும் கீறல். ஜெல் பேனை வாங்கினேன், மூதூர்க்காரர் ஒருவரின் பெயரே நீலக் குளமாகிவிட்டது. கிண்ணியாவில் நசார் ஒரு பெட்டி முழுக்க வாங்கி வந்தான். அவன் கையில் எழுதின பேனை என் கைக்கு வந்ததும் நின்றது. அவனிடம் திருப்பிக் கொடுத்தால் மறுபடி எழுதியது. அதற்குப் பிறகு அவன் எனக்குப் பேனை தருவதை நிறுத்திக்கொண்டான். வேறு வழியில்லாமல் லாச்சியைத் திறந்தேன். உன் பேனை எழுதியது.

மரித்த ஆத்துமாக்கள் திருநாளுக்கு உன்னிடம் வந்தேன், கவனித்திருப்பாய். பின்னேர வெயிலில் சேமக்காலைக் கல்லறைகள் முழுக்க மெழுகுதிரி. மெற்றில்டா பூ வைத்துவிட்டு நகர்ந்ததும், உன் தலைமாட்டு மண்ணில் பேனையைக் குத்தி வைத்தேன். "இந்தா, உன்ர சாமான். இனி என்னை விடு" என்று சொல்லிவிட்டு நடந்தேன். வாசல் படலையைத் தாண்டவில்லை, சேமக்காலையைக் கூட்டுகிற மனுசன் மூச்சு வாங்க ஓடி வந்தார். "ஐயா, பேனையை விட்டிட்டுப் போறியள்!" கையில் வைத்துப் பொத்திவிட்டுப் போனார். நல்ல மனிதர்களாலும் சில நேரம் பெரிய கரைச்சல்தான்.

நசாரிடம் முழுக்கதையையும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"அது அமானிதம் அண்ணன். அடுத்தவங்க நம்பித் தந்த சாமான். அத உரியவங்கட கையில சேக்கிற வரைக்கும் உங்களுக்கு நிம்மதி வராது."

"உரியவன் மண்ணுக்குள்ள இருக்கிறானே?"

"அவருக்கு ஆளா இல்ல?" என்றான்.

ஆள் இருந்தது. ஆனால் அதுதான் எனக்கு நடுக்கம். ஏனென்றால் அதே கிழமை உன் மகள் ஷெரின் துறைக்கு வந்தாள். கல்யாணம் சரியாகிவிட்டது என்றாள். கோயிலில் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து வைக்கும்போது, அப்பா நிற்க வேண்டிய இடத்தில் நான் சாட்சியாக நிற்க வேண்டும் என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு கேட்டாள்:

"மாமா, அப்பாட பேனை உங்களிட்ட இருக்கெண்டு அம்மா சொன்னவ. அதாலதான் நான் கையெழுத்து வைக்கோணும்."

நான் என்ன செய்ய? வாழப்போகிற பிள்ளை. மூடி மண்ணுக்குள் இருக்கிற பேனையைக் கல்யாணத்தன்று அவள் கையில் கொடுப்பதா? நீ தட்டிக் கேட்கிற பொருளை அவள் வைத்திருந்தால், நீ அவளைத் தேடித்தானே போவாய்? எந்தத் தகப்பனும் மகளுக்குத் தீங்கு செய்யமாட்டான். ஆனால் அங்கே இருப்பவர்களுக்கு இங்கே இருப்பவர்களின் கணக்கு நினைவிருக்குமா? எனக்குத் தெரியாது மச்சான். எனக்கு உன்னில் நம்பிக்கை இருந்தது, சாவில் இல்லை.

"அது மை முடிஞ்சு எறிஞ்சிட்டன் பிள்ளை" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை. லாச்சியின் பலகையில் டொக், டொக். இந்த முறை உள்ளே இருந்து.

ஷெரின் லாச்சியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் கதிரையில் இருந்துவிட்டேன். மூடி, மை, யன்னல், சேமக்காலை, எல்லாவற்றையும் சொன்னேன். பயந்து ஓடுவாள் என்று நினைத்தேன். அவள் லாச்சிப் பக்கம் கிட்ட வந்தாள்.

"அப்ப அப்பா உங்களிட்ட வாறவரோ?"

"எனக்கெண்டால் அப்பிடித்தான் படுது."

"எங்கட கதவு ஒருநாளும் தட்டுப்படேல்ல மாமா. நானும் அம்மாவும் எவ்வளவு பாத்துக்கொண்டு இருந்தனாங்கள். ஒரு கனவிலகூட வரேல்ல. ஏன் உங்களிட்ட மட்டும் வாறார்?"

அவள் அழுதாள். நான் அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளோ, தன் பங்கை நான் பிடித்து வைத்திருக்கிறேன் என்று நினைக்கிறாள். யார் சரி? அன்றே அவள் கையில் கொடுத்திருக்கலாம். எனக்கு இன்னும் நடுக்கம் போகவில்லை. கல்யாணத்தன்று கொண்டு வருகிறேன் என்றேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மாப்பிள்ளை பையன் கொஞ்சம் கதை குறைவு, ஆனால் மெற்றில்டாவின் கதிரையை வெயிலிலிருந்து தானே நகர்த்தி வைத்தான், அது போதும். பூசை முடிந்து கோயில் பின் அறையில் புத்தகத்தை விரித்தார்கள். பூசை வைத்த சுவாமி தன் தங்க நிறப் பேனையை நீட்டினார். ஷெரின் அதைப் பார்க்கவேயில்லை. மருதாணி போட்ட கையை என் பக்கம் நீட்டினாள். நான் மனதுக்குள் உன்னைத் திட்டிக்கொண்டும் கும்பிட்டுக்கொண்டும் பேனையைக் கொடுத்தேன். ஒரு தடங்கல் இல்லாமல் கையெழுத்து வைத்தாள். மாப்பிள்ளையும் அதாலேயே வைத்தான்.

அடுத்தது சாட்சி. அவள் பேனையை எனக்குத் தந்தாள். என் பெயரின் முதல் எழுத்தை எழுதினேன். தாளில் ஒன்றும் விழவில்லை. உதறினேன், ஊதினேன், மறுபடி எழுதினேன். வெறும் கீறல். தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். மை நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஷெரின் வாங்கித் தன் உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்தாள். நீலமாக விழுந்தது. அவள் விரல்களை மடித்துப் பேனையைப் பொத்திக்கொண்டாள். நான் சுவாமியின் பேனையால் கையெழுத்து வைத்தேன். அது கல்லில் எழுதுகிற மாதிரி இருந்தது, ஆனால் எழுதியது.

அன்றிலிருந்து துறையில் சத்தமில்லை. எந்தக் கடைப் பேனையும் என் கையில் எழுதுகிறது. நசார் வாங்கிய அந்தப் பெட்டிப் பேனையால்தான் இதையும் எழுதுகிறேன். நிம்மதியாக இருக்க வேண்டும் இல்லையா? படகு போன பிறகு யன்னலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறேன். நீ என்மேல் கோபத்தில் தட்டினாயா, கதைக்கத்தான் தட்டினாயா? ஒருமுறையாவது "என்னடா?" என்று கேட்டிருக்கலாம் நான்.

நம்மூர் வழக்கப்படி மாப்பிள்ளை உன் வீட்டுக்கே வந்துவிட்டான். நேற்று மெற்றில்டா போன் எடுத்தாள்.

"அண்ணை, பின்னேரம் கதவு ரெண்டு தரம் தட்டுப்பட்டது. நான் குசினிக்குள்ள அடுப்படியில அப்பிடியே விறைச்சுப்போனன். இவள் ஷெரின்தான் ஓடிப்போய்த் திறந்தவள்."

"ஆர்?"

"ஒருத்தரும் இல்லை. இவள் வாசல்ல ஒதுங்கி வழிவிட்டு நிண்டு, 'வாங்கோ அப்பா' எண்டவள்."

மச்சான், உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உன் வீட்டுக்கு அடிக்கடி போவேன். மெற்றில்டாவின் கையால் தேத்தண்ணி குடிப்பேன், உன் மகளுக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்வேன். ஆனால் அந்தப் பேனையை ஒருநாளும் இரவல் கேட்க மாட்டேன். எனக்குச் சொந்தமாகப் பேனை இருக்கிறது. நீ வந்த வேலையைப் பார், அவசரப்பட்டுத் திரும்பாதே.

உன் மகளுக்குச் சாட்சிக் கையெழுத்து வைத்த மாமன்,
சிவா