பால் ஆசிட்

சேசு மரி சூசை

கோல சிலாங்கூர்
1953 ஆகஸ்ட் மாதம்

அன்பு மகள் கான்ஸ்டன்ஸுக்கு அம்மா எழுதுவது. தோட்டத்தைச் சுற்றிச் சர்க்கார் கம்பிவேலி போட்டு அடைத்து வைத்திருந்தாலும் மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம், அந்த லண்டன் குளிரில் நீயும் சுகமாக இருப்பாய் என்று பாதிதான் நம்புகிறேன், மீதிப் பாதியை நம்ப வேண்டுமானால் புதுப் போட்டோ ஒன்று அனுப்பு. போன போட்டோவில் கன்னம் ஒட்டிப்போய் நர்ஸ் மாதிரியா இருந்தாய், நர்ஸ் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆள் மாதிரி இருந்தாய். அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. சுங்கை புரோங் பக்கம் அறுப்பு முடிந்தும் எங்களுக்கு என்னவோ அளந்துதான் அரிசி. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட எடுத்துப் போக முடியாது, காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம், கேட்டில் தூக்குச்சட்டியைத் திறந்து முகர்ந்து பார்க்கிறார்கள். டின் பால் வாங்கினாலும் கடைக்காரர் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுக்கிறார், சேர்த்து வைக்க வழியில்லை. பால் பேச்சு வந்துவிட்டது, நான் எழுத உட்கார்ந்ததும் அதற்காகத்தான்.

உன் போன கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது சத்தமாகப் படித்தேன். உன் அண்ணன் மகன் ஹியூபர்ட் போலக் கைகால் விறைத்திருக்கும் பிள்ளைகளின் வியாதிக்கு அங்கே செரிப்ரல் பால்சி என்று பெயர், உங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் பிறந்த குழந்தைகளின் ரத்தத்தில் லாக்டிக் ஆசிட் எவ்வளவு இருக்கிறது என்று சோதித்துவிட்டு, அதுகள் எப்படி வளர்கின்றன என்று பார்த்துக்கொண்டு வருகிறார் என்று எழுதியிருந்தாய். அதோடு விட்டிருக்கலாம். அம்மாவுக்குப் புரியட்டும் என்று, அதாவது பால் ஆசிட் அம்மா, என்று ஒரு வரி சேர்த்தாய் பார், அங்கேதான் வந்தது வினை. ஏன் கண்ணு, தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு இங்கே எதைப் பால் என்கிறோம், எதை ஆசிட் என்கிறோம் என்பதே மறந்துபோனதா? மரத்தில் வெட்டிக் கொண்டுவருவது பால், ஸ்டோர் தொட்டியில் அதை ரப்பர் ஷீட்டாக உறைய வைக்க ஊற்றுவது ஆசிட். ஸ்டோரில் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோரான உன் அப்பா சும்மா இருப்பாரா, தனக்குத் தெரிந்த விஷயம் வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில், ஆமாமா, ஆசிட்டு கூடிப்போனா ஷீட்டு வெறைச்சுப் போயிடும்லா என்று பெரிய டாக்டர் மாதிரி சொன்னார். ஹியூபர்ட் வயிற்றில் இருந்தபோது எட்டாம் மாதம் வரை அதே ஸ்டோரில், அதே ஆசிட் நெடியில் ஷீட் அலசிக்கொண்டிருந்த மருமகள் மாடில்டா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாளே என்பது அவர் மண்டையில் ஏறவில்லை. அவளை நினைத்துப் பார், வியாதியின் பெயரே பால்சி, அதற்கு மேல் பால் ஆசிட், வேறு என்னதான் தோன்றும். நானும் அப்பாவை அதட்டுகிற மும்முரத்தில் கடிதத்தின் பின்பக்கத்தைப் படிக்காமலே மடித்து வைத்துவிட்டேன்.

மாடில்டா அன்றைக்கு ஒன்றுமே பேசவில்லை, அவள் சுபாவம் உனக்குத் தெரியுமே, வலித்தாலும் வாயைத் திறக்கமாட்டாள். அடுத்த வாரம், நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக்கொட்டகையில் ஹியூபர்ட்டைத் தூக்கினால் பஞ்சு மாதிரி இருக்கிறான். அவனுக்கு மெல்லத் தெரியாது, கஞ்சி கொடுத்தால் புரையேறிவிடும், கரண்டி கரண்டியாக ஊட்டுகிற பால்தான் அவனுக்கு உயிர். காய்ச்சல்கூட இல்லையே, ஏன் இப்படி இளைத்தான் என்று வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், பின்பக்கக் கால்வாயில் டின் பாலைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறாள் உன் அண்ணி. எனக்கு வந்த கோபத்துக்கு நாலு வார்த்தை கேட்டுவிட்டேன், பாலை ஊற்றுகிறாயே, புத்தி கெட்டுப்போச்சா என்றேன். அப்படியே கால்வாய் ஓரம் உட்கார்ந்து, நாந்தான் அத்தை எம்புள்ளய உறைய வெச்சுட்டேன் என்று அழுதாள். ஐந்து மாதமாக மறுபடியும் முழுகாமல் இருக்கிறாளே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இதும் உள்ள உறைஞ்சிருக்கும் என்றாள். இந்தக் கொட்டகையில் எத்தனையோ பிள்ளைகளைத் தூக்கியிருக்கிறேன், ஒரு தாயை மடியில் போட்டுக்கொண்டு அழுதது அன்றைக்குத்தான்.

பிறகு அப்பாவைக் கடைக்கு அனுப்பிவிட்டு அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து உன் கடிதத்தின் பின்பக்கத்தைப் படித்தேன். முதன்முதலில் புளித்த பாலில் கண்டுபிடித்ததால்தான் அதற்கு அந்தப் பெயர், மற்றபடி குடிக்கிற பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, உடம்புக்கு மூச்சு போதாமல் போனால் யார் ரத்தத்திலும் அந்தப் புளிப்பு ஏறும், வேகமாக ஓடுகிறவனுக்குக்கூட ஏறும் என்று நீ அழகாகத்தான் எழுதியிருந்தாய். ரப்பருக்கு ஊற்றுவதும் இதுவும் ஒன்றல்ல என்று நானே சேர்த்துச் சொன்னேன், தப்பில்லையே? அவள் முகம் தெளிந்தது. போய் ஒரு கிண்ணம் பாலைக் கரைத்துக்கொண்டு வந்து ஊட்டினாள், அவனும் கண்ணை மூடிக்கொண்டு குடித்தான், குடித்துவிட்டு உடம்பை முறுக்கிக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பை நீ பார்த்ததில்லையே என்று எனக்கு எப்போதும் ஒரு குறை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்த நேரத்தில் அவள் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டே, அப்ப பாலு இல்ல அத்தை, மூச்சுதான், வள்ளியம்மாக்கா நேரத்துக்கு உள்ள வந்திருந்தா புள்ள மூச்சு விட்டிருக்கும்லா என்றாள். உன் அண்ணன் கிளாரன்ஸ் டூட்டி முடிந்து வந்து வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். அதைக் கேட்டதும் பூட்ஸை மறுபடி மாட்டிக்கொண்டு வந்த வழியே போய்விட்டான்.

ஹியூபர்ட் பிறந்தபோது நீ கப்பலேறிவிட்டாய், நாங்களும் உனக்கு விவரமாக எழுதவில்லை. வலி எடுத்ததும் லோரி டிரைவர் தங்கராஜு மேல் டிவிஷனுக்குப் போய் மருத்துவச்சி வள்ளியம்மாவை ஏற்றிக்கொண்டு வருவதற்குள் கர்ஃபியூ மணி அடித்துவிட்டது. கேட்டில் துப்பாக்கியோடு நின்றது உன் அண்ணன்தான், ஸ்பெஷல் கான்ஸ்டபிள் வேலையில் சேர்ந்த புதிது. மணி அடித்த பிறகு ஆபீசர் உத்தரவில்லாமல் திறந்தால் ஜெயில்தான், பக்கத்துத் தோட்டத்தில் ஒருவனைப் பிடித்துப் போட்டும் இருந்தார்கள். அவன் டெலிபோனில் கேட்டு, அங்கிருந்து பதில் வந்து, கேட்டைத் திறப்பதற்குள் பிள்ளை என் கையில் விழுந்துவிட்டது, நீலம் பாரித்து, சத்தமே இல்லாமல். வள்ளியம்மா ஓடி வந்து வாயில் ஊதித்தான் அழ வைத்தாள். மாடில்டா கிளாரன்ஸைக் குற்றம் சொல்லி அதைக் கேட்கவில்லை, அது எனக்குத் தெரியும், தன் தலையில் இருந்ததை இறக்கி வைத்தாள், அது போய் விழுந்த இடம் புருஷன் தலை. அன்றிலிருந்து அவன் வீட்டில் சாப்பிடுவதில்லை, கார்டு ரூமிலேயே படுத்துக்கொள்கிறான், பகலில் வந்து மகனைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போகிறான். தேடிப் போய்க் கேட்டேன், சாவி எங்கிட்டதானேம்மா இருந்துச்சு என்றான். இவளோ கேட்டது தப்பு என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். ஒரே வீட்டில் இரண்டு பேரும் நான்தான் நான்தான் என்று நின்றால் நடுவில் நான் யாரைத் தேற்றுவது.

இப்போது நீ செய்ய வேண்டியதைக் கேள். உன் கடிதத்தில் கடைசி வரியாக, அந்த ஆசிட்தான் காரணமா அல்லது வேறு ஏதோ காரணத்தின் அடையாளமா என்று டாக்டருக்கே இன்னும் தெரியவில்லை என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, தெரியாததைச் சொல்லவா இவ்வளவு படிப்பு என்று. இப்போது அந்த வரியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கும் கண் இருக்கிறதே, வீரன் மகள் லயத்து வீடுகளெல்லாம் கேட்க அலறிக்கொண்டு பிறந்தவள், அவளுக்கும் கால் இப்படித்தான். இருசப்பன் பேரன் மூச்சே இல்லாமல் பிறந்து துணியில் சுற்றிவைத்த பிள்ளை, இன்றைக்குத் துரை வீட்டு மாமரத்தில் ஏறி நிற்கிறான். இதையெல்லாம் டாக்டரிடம் சொல், அவருக்குப் பிரயோஜனப்படும். கேட் திறந்திருந்தால் பிள்ளை நன்றாக இருந்திருப்பானா என்றும் அவரிடமே கேள். தெரியாது என்றால் தெரியாது என்று எழுது, ஆறுதலுக்காக, கேட் காரணம் இல்லை என்று பொய் எழுதாதே, கிளாரன்ஸ் கண்டுபிடித்துவிடுவான். பெரிய படிப்புப் படித்த ஒருவர் ரத்தத்தையே சோதித்துப் பார்த்தும் சொல்ல முடியாத ஒன்றை இவர்கள் இரண்டு பேரும் தீர்ப்பு எழுதித் தங்கள் தலையிலேயே போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அதை எடுக்க என் வார்த்தைக்குப் பலம் போதவில்லை, அம்மா என்றால் சமாதானம்தான் சொல்வாள் என்று நினைக்கிறார்கள்.

வரப்போகும் பிள்ளைக்கு இந்த வேலியை நம்பப் போவதில்லை. மாதம் நெருங்கும் முன்பே மாடில்டாவைக் கோல சிலாங்கூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுவது என்று முடிவு, துரையிடம் போய் நின்று அனுமதி வாங்கி வந்தது கிளாரன்ஸ்தான். அதைக்கூட அவளிடம் நேரில் சொல்லாமல் என்னிடம் சொல்லிவிட்டுப் போனான். ஸ்டோர் வேலையையும் நிறுத்திவிட்டோம், ஆசிட்டுக்குப் பயந்து இல்லை, அவள் நிம்மதிக்காக. அப்பா இப்போதெல்லாம் கடிதம் படிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்கிறார், பார்க்கப் பாவமாகத்தான் இருக்கிறது, திட்டாதே.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ, பூசையைத் தவறவிடாதே. நல்ல பிள்ளையாக, பிள்ளைகளைக் காப்பாற்றுகிற கையாக ஆண்டவர் உன்னை வைத்திருக்கட்டும், மாதா உன் கூடவே இருக்கட்டும். பதிலை எனக்கு எழுதாதே. நான் படித்துச் சொன்னால் ஒருவர் இருக்கும்போது ஒருவர் இருக்கமாட்டார். உறையின் மேல் கிளாரன்ஸ் பெயரையும் மாடில்டா பெயரையும் சேர்த்து எழுது, அப்போதுதான் பிரிப்பதற்காகவாவது இருவரும் ஒரு இடத்தில் உட்காருவார்கள்.

உன் மேல் உயிராக இருக்கும்
அம்மா
ஜெனவீவ் ஆர்தர்